பழகிக்கொண்டதா, மிஞ்சியதா? எல்லையோரப் பள்ளியில் ஒரு பரிணாமப் பாடம்

எங்கள் பள்ளிக்கூடம் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேருந்தில் ஏறிக் கொஞ்ச நேரம் போனால் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் தமிழ், கடைவீதியில் தமிழும் மலையாளமும் கலந்து, அரசு அலுவலகத்தில் மலையாளம். தமிழ் வழி டிவிஷனுக்குப் பாடநூலைக் கேரள அரசே தமிழில் அச்சிட்டுத் தருகிறது. அங்கே பத்தாம் வகுப்புக்கு நான் உயிரியல் எடுக்கிறேன்.

இந்த ஆய்வு ஒரே ஒரு வகுப்பைப் பற்றியது. 36 பிள்ளைகள், ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகை வரை நடந்த ஒரு குழுச் செயல்திட்டம். முதல் முயற்சி தோற்றது. இரண்டாவது முயற்சி பலித்தது. ஏன் தோற்றது, எதனால் பலித்தது என்பதை எழுதிவைப்பது, இதே பாடத்தைத் தமிழில் நடத்துகிற மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் பருத்திதான். பூச்சி மருந்து பற்றி ஏதோ பேச்சு வந்தபோது ஒரு பையன் எழுந்து, "எங்க அப்பா சொல்லுவாருங்க டீச்சர், ஒரே மருந்தை அடிச்சா பூச்சி அதுக்குப் பழகிக்கும்னு" என்றான். வகுப்பே ஆமாம் போட்டது. நானும் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது. அந்தப் பையன் சொன்னது தவறு. நான் தலையாட்டியது அதைவிடப் பெரிய தவறு. பூச்சி எதற்கும் பழகவில்லை. மருந்துக்குச் சாகிற பூச்சிகள் செத்துப்போயின; சாகாத சில பூச்சிகள் மிஞ்சின; அடுத்த பட்டத்தில் வயலில் இருந்தவை மிஞ்சியவற்றின் பிள்ளைகள். பாடநூல் இதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறது.

மறுநாள் ஒரு தாளில் ஒரே ஒரு கேள்வி எழுதச் சொன்னேன். இந்தியாவில் 2002-ல் மரபணு மாற்றிய பிடி (Bt) பருத்திக்கு அனுமதி கிடைத்தது. காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சு அந்தச் செடிக்குள்ளேயே இருக்கிறது. 2010-க்குள் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த முதல் வகைப் பருத்தியைத் தின்றும் உயிரோடு இருப்பது உறுதியானது. எட்டு ஆண்டில் என்ன நடந்திருக்கும்?

விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். புழு நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழகிக்கொண்டது. உடம்பை மாற்றிக்கொண்டது. எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொண்டது. இதே பிள்ளைகள்தான் "இயற்கைத் தேர்வு என்றால் என்ன?" என்ற கேள்விக்குப் பாடநூல் வரிகளை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள்.

முதல் முயற்சி: நெருஞ்சியும் கொறடும்

இந்தப் பாடத்துக்கு ஆசிரியர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு விளையாட்டு உண்டு. பறவையின் அலகுக்குப் பதிலாக ஆளுக்கொரு கருவி. தீனிக்குப் பதிலாக விதைகள். குறிப்பிட்ட நேரத்தில் யார் அதிகம் எடுக்கிறார்கள் என்று பார்ப்பது. நானும் அதையே எடுத்துக்கொண்டு, எங்கள் ஊருக்கு ஏற்றபடி அமைத்தேன். சாமணம், துணி காயப்போடும் கிளிப், கொறடு, தேக்கரண்டி என்று நான்கு அலகுகள். கம்பு, கொள்ளு, தொலியோடு நிலக்கடலை, காய்ந்த நெருஞ்சி முள் என்று நான்கு தீனிகள்.

நெருஞ்சியைச் சேர்த்ததற்குக் காரணம் இருந்தது. பசிபிக் பெருங்கடலின் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்றொரு சின்னத் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதியர் 1973 முதல் ஆண்டுதோறும் அங்கே போய், குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்துவந்தார்கள். 1977-ல் மழை பொய்த்தது. மெல்லிய சிறு விதைகள் தீர்ந்துபோயின. மிச்சமிருந்தது பெரும்பாலும் கெட்டி ஓட்டு விதைகள். அவற்றுள் முக்கியமானது நம் நெருஞ்சியின் நெருங்கிய சொந்தக்காரச் செடியின் முள்காய். தடித்த அலகு உள்ள குருவிகளால்தான் அதை உடைக்க முடிந்தது. பெரும்பாலான குருவிகள் இறந்தன. பிழைத்தவற்றில் தடித்த அலகு கொண்டவை அதிகம். அவற்றின் குஞ்சுகளை அளந்தபோது, சராசரி அலகு முந்தைய தலைமுறையைவிட ஏறத்தாழ 4 விழுக்காடு தடித்திருந்தது. செருப்பைக் குத்தித் தைக்கிற நெருஞ்சிக்கு இப்படியொரு கதை இருப்பது தெரிந்ததும் பிள்ளைகளுக்கு ஆச்சரியம். ஆளுக்கொரு பிடி பொறுக்கிவந்தார்கள்.

விளையாட்டு ஜோராக நடந்தது. கொறடு வைத்திருந்தவன் நெருஞ்சியை நொறுக்கினான், கம்பை ஒன்றுகூட எடுக்க முடியாமல் தவித்தான். எல்லாம் நான் நினைத்தபடிதான் போயிற்று, குறிப்பேடுகளைத் திருத்த உட்காரும்வரை.

கிளிப் பிடித்திருந்த ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "முதல் சுற்றில் 6 கொள்ளு எடுத்தேன். நான்காம் சுற்றில் 15 எடுத்தேன். பறவை போகப் போகத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது."

அவள் பார்த்ததை நேர்மையாக எழுதியிருக்கிறாள். விளையாட்டு அவளுக்குக் காட்டியது அதைத்தான். கை பழகியது, எண்ணிக்கை கூடியது. பரிணாமத்தில் இல்லாத ஒன்றை, பயிற்சியால் ஒரே உயிர் தேறுவதை, நானே நான்கு சுற்று நடத்திக் காட்டிவிட்டேன். பிள்ளைகளே பறவையாக இருக்கும்வரை இது தவிர்க்க முடியாதது. மனிதக் குழந்தை சும்மா இருக்காது, கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்கிற ஒன்றை வைத்து, கற்றுக்கொள்ளாமல் நடக்கிற ஒன்றை எப்படிக் காட்டுவது?

ஆக, மாறவேண்டிய தரப்பு உயிரில்லாத பொருளாகவாவது, முயற்சி செய்ய முடியாத பொருளாகவாவது இருக்கவேண்டும். பிள்ளைகள் அதைத் தின்கிற தரப்பில் நிற்கவேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இரண்டாவது முயற்சி: இரண்டு மண், ஒரு மூட்டைக் கொள்ளு

எங்கள் சித்தூர் வட்டத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கேரளத்தில் கரிசல் மண் இருப்பது இங்கே மட்டும்தான். மாநிலம் முழுக்கச் செம்மண்ணும் செம்புறை மண்ணுமாக இருக்க, மலை மறைவில் மழை குறைந்த இந்தக் கிழக்கு ஓரத்தில் மட்டும் கறுத்த மண் கிடக்கிறது. ஒரே வகுப்பில் செம்மண் காட்டுப் பிள்ளையும் கரிசல் காட்டுப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எங்கே கிடைக்கும்? ஆளுக்கு ஒரு சாக்கு மண் கொண்டுவரச் சொன்னேன்.

விதைக்கு எருத்தேம்பதிப் பக்கத்து மாணவி ஒருத்தி வீட்டில் அறுத்த கொள்ளு. கடையில் வாங்குவது சலித்துத் தரம் பிரித்தது, ஏறத்தாழ ஒரே நிறத்தில் இருக்கும். வீட்டுக் கொள்ளு அப்படியில்லை. வெளிர் நிறம், செம்பழுப்பு, கறுப்பு என்று கலந்து கிடக்கும். முதல் இரண்டு பீரியடும் வெறுமனே பொறுக்கிப் பிரிக்கும் வேலைதான். சில பேருக்கு அலுப்பு. ஆனால் நான் அதைச் சுருக்கவில்லை. யாரும் எதையும் தின்பதற்கு முன்னால், எந்த மண்ணிலும் போடுவதற்கு முன்னால், இந்த வேறுபாடு மூட்டைக்குள் இருந்தது என்பது கைவழியாக ஏறவேண்டும் என்று நினைத்தேன். பின்னால் அதுவே எல்லாவற்றுக்கும் பிடிமானமாக நின்றது.

ஆறு குழு, குழுவுக்கு ஆறு பேர். மூன்று குழுவுக்குச் செம்மண், மூன்று குழுவுக்குக் கரிசல். பழைய ஃபிளெக்ஸ் பேனர்களைத் திருப்பிப்போட்டு, ஒரு மீட்டர் சதுரத்துக்கு மண் பரப்பினோம். நிறத்துக்கு 40 வீதம் 120 கொள்ளு தூவவேண்டும். நான்கு பேர் பறவை. ஒருவர் கணக்குப்பிள்ளை. ஒருவர் குஞ்சு சேர்ப்பவர். பறவை மண்ணுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டதை ஒன்றே ஒன்று எடுக்கவேண்டும். டப்பாவில் போட்டுவிட்டு மறுபடி முதுகு காட்டவேண்டும். நான்கு பறவையும் ஆளுக்கு 20 தின்றதும் சுற்று முடிந்தது. மிஞ்சுவது 40. மண்ணைச் சலித்து அந்த 40-ஐயும் எடுத்து நிறவாரியாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் இரண்டு குஞ்சு சேர்த்தால் மறுபடி 120. இப்படி மூன்று தலைமுறை.

செம்மண் குழு ஒன்றில் முதல் தலைமுறையில் மிஞ்சியவை வெளிர் 6, செம்பழுப்பு 21, கறுப்பு 13. குஞ்சு சேர்த்ததும் 18, 63, 39. இரண்டாம் முறை தின்ற பிறகு 1, 26, 13. மூன்றாம் முறை வெளிர் ஒன்றுகூட இல்லை. செம்பழுப்பு 31, கறுப்பு 9. பக்கத்தில் கரிசல் குழு ஒன்றில் முதல் முறையே கறுப்பு 24 மிஞ்சியது. மூன்றாம் தலைமுறையில் 40-க்கு 36 கறுப்பு.

கணக்குப்பிள்ளையாக இருந்த பையன் கரும்பலகையில் எண்களை எழுதிவிட்டு, சாக்பீஸைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றான். "டீச்சர், ஒரு கொள்ளுகூட நிறம் மாறலைங்க. ஆனா மொத்தமாப் பாத்தா மாறிப்போச்சு" என்றான். பரிணாமத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக நான் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

கரிசல் குழுக்களில் ஒன்று மட்டும் கணக்குக்கு உடன்படவில்லை. முதல் தலைமுறையில் வெளிர் 11 மிஞ்சியது, செம்பழுப்பு 9, கறுப்பு 20. அடுத்ததிலும் வெளிர் 8 நின்றது. ஏதோ தவறு நடந்திருக்கிறது, இந்தக் குழுவின் எண்களை விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். அந்தக் குழுப் பிள்ளைகள் விடவில்லை. விதி மீறவில்லை, ஏமாற்றவில்லை, எதற்காக அழிக்கவேண்டும் என்று கேட்டார்கள். சரி, காரணம் பார்க்கலாம் என்று மண்ணைக் கிளறினோம். அவர்கள் கொண்டுவந்த கரிசல் உடைக்காத கட்டியாக இருந்தது. தூவியபோது கொள்ளு பல கட்டிகளின் இடுக்கில் விழுந்திருக்கிறது. இடுக்கில் விழுந்ததற்கு நிறம் தேவையில்லை, அதிர்ஷ்டம் போதும்.

இது தவறே இல்லை. இயற்கையிலும் இப்படித்தான். எது மிஞ்சும் என்பதைத் தகுதி மட்டும் தீர்மானிப்பதில்லை. எங்கே விழுந்தது என்பதும் தீர்மானிக்கிறது. கூட்டம் சிறிதாக இருக்கும்போது தற்செயலின் கை ஓங்கும். உயிரியலில் இதை மரபணு நகர்வு என்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு இது வேண்டாம் என்று நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளைகள் பிடிவாதம் பிடித்ததால் எல்லோரும் கற்றோம். அவர்களுடைய எண்களை அழிக்கச் சொன்னதற்காக மறுநாள் வகுப்பில் வருத்தம் தெரிவித்தேன்.

'கொள்' என்னும் சொல்

எண்கள் சரியாக வந்தன. வாக்கியங்கள் வரவில்லை. அறிக்கை எழுதச் சொன்னபோது, மூன்று தலைமுறையும் தன் கையால் எண்ணிய அதே பிள்ளைகளில் பாதிப் பேர் "கொள்ளு கரிசல் மண்ணுக்கு ஏற்பத் தன் நிறத்தை மாற்றிக்கொண்டது" என்று எழுதினார்கள். கண் பார்த்தது ஒன்று, பேனா எழுதியது வேறு.

அப்போதுதான் என் பழைய பாடக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். பாலைவனத்துச் செடி தன்னைத் தகவமைத்துக்கொண்டது. மீன் நீர்வாழ்வுக்கு உடலை மாற்றிக்கொண்டது. கிருமி எதிர்ப்பை வளர்த்துக்கொண்டது. எல்லாம் என் கையெழுத்து. பிள்ளைகள் என்னிடமிருந்துதான் கற்றிருக்கிறார்கள்.

தமிழில் 'கொள்' என்பது ஒரு வினையோடு சேரும்போது, செய்தவர் தனக்காகச் செய்தார் என்ற பொருளைக் கொண்டுவருகிறது. சோறு போட்டான் என்பது வேறு, போட்டுக்கொண்டான் என்பது வேறு. வாங்கினாள், வாங்கிக்கொண்டாள். இரண்டாவதில் ஒரு விருப்பம் இருக்கிறது, தன் நலம் இருக்கிறது. மனிதர்களுக்கு இது அழகான துணைவினை. செடிக்கும் புழுவுக்கும் போடும்போது, அவற்றுக்கு இல்லாத எண்ணத்தையும் முயற்சியையும் அது ஓசையில்லாமல் உள்ளே நுழைத்துவிடுகிறது. பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் 1809-ல் எழுதிய கருத்தும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது: ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டித் தின்று கழுத்தை நீட்டிக்கொண்டது, நீண்ட கழுத்து பிள்ளைகளுக்கும் வந்தது. அவரை மறுத்துப் பாடம் நடத்திவிட்டு, அவருடைய கருத்தையே ஒரு துணைவினைக்குள் பொதிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரத்துக்கு வகுப்பில் ஒரு விதி வைத்தோம். பரிணாமம் பற்றிய வாக்கியத்தில் 'கொண்டது' வரக்கூடாது. ஒரு தனி உயிரை எழுவாயாக வைக்கக்கூடாது, கூட்டத்தைத்தான் வைக்கவேண்டும். முதல் நாள் யாராலும் எழுத முடியவில்லை. பிறகு மெல்ல மெல்ல வேறு வினைகள் வந்தன. மிஞ்சின. பிழைத்தன. பெருகின. ஒரு மாணவி "வெளிர் கொள்ளு அருகிற்று" என்று எழுதினாள். குறைந்துபோவதற்கு அருகுதல் என்றொரு சொல் இருப்பதைத் தமிழ் டீச்சரிடம் கேட்டு எழுதியிருக்கிறாள். பெருகின, அருகின. இயற்கைத் தேர்வை இரண்டு வினையில் சொல்லிவிட முடிகிற மொழியில் நான் இத்தனை நாள் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன்.

காய்ப்புழுக் கேள்வியை மறுபடி எழுதச் சொன்னேன். இம்முறை பெரும்பாலானோர், நஞ்சு தாங்கும் புழுக்கள் முன்பே சில இருந்தன, அவை மிஞ்சின, பெருகின என்று எழுதினார்கள். ஆனால் முதலில் பருத்திப் பேச்சை எடுத்தானே, அந்தப் பையனுக்கு ஒப்பவில்லை. "முன்னாடியே இருந்துச்சுன்னு எப்படிங்க டீச்சர் தெரியும்? கொள்ளை நாம பாத்துப் பிரிச்சோம். புழுவை யாரு பாத்தா? நஞ்சைத் தின்னதுக்கு அப்புறம்கூட வந்திருக்கலாமில்ல?"

மிகச் சரியான கேள்வி. விஞ்ஞானிகளும் இதையே கேட்டுத் திணறியவர்கள்தான். ஜோஷுவா லெடர்பர்க்கும் எஸ்தர் லெடர்பர்க்கும் 1952-ல் இதற்கு ஒரு விடை காட்டினார்கள். ஒரு தட்டில் பாக்டீரியாக் கூட்டங்கள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கின்றன. அதன்மேல் வெல்வெட் துணியை மெதுவாக ஒற்றி, அதே துணியை ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கலந்த வேறு தட்டுகளில் ஒற்றுகிறார்கள். புள்ளிக் கோலத்தைப் படியெடுத்ததுபோல, முதல் தட்டில் எந்தப் புள்ளி எங்கே இருந்ததோ அதே இடத்தில்தான் மற்ற தட்டுகளிலும் இருக்கும். மருந்துத் தட்டில் ஏறத்தாழ எல்லாம் சாகின்றன. ஓரிரு இடத்தில் மட்டும் முளைக்கிறது. எந்த மருந்துத் தட்டைப் பார்த்தாலும் அதே இடங்கள். பிறகு முதல் தட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள். அந்தத் தட்டு மருந்தையே பார்த்ததில்லை. அதில் அந்தக் குறிப்பிட்ட இடத்துப் புள்ளியை எடுத்துச் சோதித்தால், அது மருந்தைத் தாங்குகிறது. மருந்து வருவதற்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது.

இதைச் சார்ட் தாளில் புள்ளி வைத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். அந்தப் பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப மூட்டைக்குள்ளயே இருந்துச்சுங்க" என்றான். கொள்ளு பொறுக்கிய இரண்டு பீரியடும் அந்த இடத்தில் பலன் தந்தன.

புறா வளர்க்கிற ஒரு மாணவனும் இருந்தான். பாடத்தில் பெரும்பாலும் வாய் திறக்காதவன். டார்வின் புறா வளர்த்தவர், 1859-ல் வந்த அவருடைய நூலின் முதல் அத்தியாயத்திலேயே புறாக்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். எந்த ஜோடியைச் சேர்த்தால் எப்படிக் குஞ்சு வரும், எந்தக் குஞ்சை வைத்திருக்கவேண்டும், எதைக் கொடுத்துவிடவேண்டும் என்று அவன் விளக்கியதில், மனிதன் செய்யும் தேர்வு என்ற பகுதியை நான் நடத்தவேண்டியே இருக்கவில்லை.

நாம் நிற்கிற இடைவெளி

பள்ளி மைதானத்தில் நின்றால் வடக்கே வாளையாற்றுப் பக்கத்து மலை தெரியும், தெற்கே நெல்லியாம்பதியும் ஆனைமலையும். நடுவில் நாம் இருக்கிற சமவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய வாய் வேறெங்கும் இல்லை. சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம். எங்கள் பிள்ளைகளுக்கு இது கிழக்கும் மேற்கும் காற்று அடிக்கிற வழி, கோயம்புத்தூர் போகிற வழி. மலை உச்சியில் வாழும் உயிர்களுக்கு இதுதான் சுவர்.

2017-ல் வி. வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சோலைக்காட்டுப் பறவைகளின் மரபணுவை ஆராய்ந்து, நம் மலைகளுக்கே உரிய இரண்டு பேரினங்களைப் பிரித்தறிந்தார்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் ஷோலிகோலா. நம் 'சோலை' என்ற சொல்தான் அதற்குள் இருக்கிறது. கணவாய்க்கு வடக்கே, நீலகிரிப் பக்கம் ஷோலிகோலா மேஜர். தெற்கே, ஆனைமலை, பழனிமலைப் பக்கம் ஷோலிகோலா அல்பிவென்ட்ரிஸ். ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து, இன்று வேறு வேறு இனம்.

"பறவைதானே, பறந்து வரலாமே" என்று கேட்டார்கள். முப்பது கிலோமீட்டரைப் புறா சீக்கிரமே கடந்துவிடும் என்று புறாக்காரன் வேறு சொன்னான். இந்தப் பறவை அப்படியில்லை. உயர்ந்த மலையில், குளிர்ந்த, இருண்ட சோலைக்குள், தரையோரப் புதரில் வாழ்வது. வெளிச்சமும் வெக்கையுமான சமவெளி அதற்குக் கடல் மாதிரி. இந்தப் பக்கத்துக் கூட்டமும் அந்தப் பக்கத்துக் கூட்டமும் கலக்காமலே தலைமுறைகள் போயின. யானைகளிடம்கூடக் கணவாய்க்கு வடக்கும் தெற்கும் மரபணு வேறுபாடு இருப்பது 2005-ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அவ்வளவு தூரம் நடக்கிற யானைக்கே இப்படி.

இதை விளக்க நாங்கள் புதிதாக எதுவும் செய்யவில்லை. செம்மண் ஃபிளெக்ஸையும் கரிசல் ஃபிளெக்ஸையும் மைதானத்தில் எதிரெதிரே வைத்தோம். நடுவில் பத்தடி வெற்றிடம். இந்த இரண்டு கொள்ளுக் கூட்டமும் கலக்காமல், மூன்று தலைமுறைக்குப் பதிலாக லட்சம் தலைமுறை போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். யாரும் உடனே பதில் சொல்லவில்லை. மாறி மாறி இரண்டு மலையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டிலிருந்து வந்த கேள்விகள்

ஒரு மாணவியின் பாட்டி கோபித்துக்கொண்டார். "குரங்குக்குப் பொறந்தோம்னா சொல்லித் தர்றாங்க?" அவரை நான் குறை சொல்லமாட்டேன், அப்படிச் சொல்லித்தான் நிறைய இடத்தில் பாடம் நடக்கிறது. சிம்பன்சி நமக்குப் பாட்டன் முறை இல்லை, பங்காளி முறை என்று சொல்லியனுப்பினேன். ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே வீடாக இருந்து பாகம் பிரிந்த இரண்டு கிளை. அந்தப் பாட்டன் இன்று உயிரோடு இல்லை. இரண்டு பக்கத்துப் பேரப்பிள்ளைகள்தான் இருக்கிறோம். பாட்டி ஒப்புக்கொண்டாரா என்பது வேறு. ஆனால் பேத்தி அன்று முதல் உயிரின மரத்தைக் குடும்ப மரம்போல வரையத் தொடங்கினாள். கிளை நுனியில் மட்டுமே இன்றைய உயிர்கள், கிளை பிரியும் கணுவில் யாரும் இல்லை. பாடநூல் படங்களைவிட அது சரியாக இருந்தது.

நாடு முழுக்க இந்தப் பாடம் பேச்சானதும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது, 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். எங்கள் மாநிலப் பாடநூலில் அது இருக்கிறது. எனக்கு அதில் பெரிய நிம்மதி. பருத்தியும் கிருமியும் இருக்கிற ஊரில் இந்தப் பாடம் இல்லாமல் ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போகக்கூடாது.

சரியாக வராதவை

மாசி மாதம் மாதிரித் தேர்வில் இன்னொரு கேள்வி போட்டேன்: மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கிருமிக்கு என்ன ஆகும்? கார்த்திகையில் சரியாக எழுதியவர்களில் பலர் மறுபடி "கிருமி பழகிக்கொள்ளும்" என்று எழுதினார்கள். வீட்டில், கடையில், செய்தியில் எங்கும் அந்த வாக்கியம்தான் புழங்குகிறது. ஒரு வார விதி அதற்கு ஈடுகொடுக்கவில்லை. இந்த ஆண்டு அந்த விதியை ஒரு வாரத்தோடு விடாமல், எந்தப் பாடத்தில் வந்தாலும் தொடர நினைக்கிறேன்.

பறவையாக நின்றவர்களின் கண் பழகுவதையும் என்னால் தடுக்க முடியவில்லை. மூன்றாம் சுற்றில் அவர்கள் முதல் சுற்றைவிட வேகமாகக் கண்டுபிடித்தார்கள். சுற்றுக்கொருமுறை பறவைகளை மாற்றியிருக்கவேண்டும்.

பெரிய ஓட்டை வேறு. அதைக் கண்டுபிடித்தவள் கொள்ளு கொண்டுவந்த அதே மாணவி. "வெளிர் கொள்ளுக்கு வெளிர் குஞ்சுன்னு நாமளாத்தானே டீச்சர் வெச்சுக்கிட்டோம்? போட்டுப் பாக்கலையே" என்றாள். உண்மைதான். பெற்றோரின் நிறம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் விளையாட்டின் விதி, சோதித்துப் பார்த்தது அல்ல. கட்டி இடுக்கில் தப்பிய வெளிர் கொள்ளில் ஏழு விதைகளை எடுத்து, ஏழு சாக்குப் பையில் கரிசல் நிரப்பி, அவள் வீட்டுக் களத்தோரம் ஊன்றினாள். கார்த்திகைக் கடைசி அது. கொள்ளுப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

மாதிரித் தேர்வு முடிந்த வாரம் அவள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, செய்தித்தாளில் மடித்த ஐந்து பொட்டலங்களை என் மேசையில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் செடி எண் எழுதியிருந்தது. கூடவே குறிப்பேடு. கடைசிப் பக்கத்தில் இருந்தது இதுதான்:

"ஏழு ஊன்றினோம். ஐந்து முளைத்தது. ஐந்து செடியிலும் வெளிர் கொள்ளு மட்டும். கறுப்பையும் செம்பழுப்பையும் இன்னும் ஊன்றிப் பார்க்கவில்லை."